நெடுஞ்செழியன் பேசிய இரண்டு நிமிடம்

சபரிநாதன் நெடுஞ்செழியனை முதலில் பார்த்தது அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் ஊரில், கம்பெனி ஷட்டில் பஸ்ஸில். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. திறந்து காட்டினார். வயலினை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று.

"வயோலாங்க தம்பி."

"மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பீங்களாண்ணா?"

"அதுக்காகாதுங்க. மாப்பிள்ளை அழுதுட்டே போவாப்ல."

நெடுஞ்செழியனுக்குச் சொந்த ஊர் பவானி. மகள் ரோஷினி பாதியில் கைவிட்ட வயலின் வகுப்புக்கு அப்பா போய் உட்கார்ந்தார். ஃப்ரீமான்ட் ஊர் இசைக்குழுவில் வயோலாவுக்கு ஆள் பற்றாக்குறை என்றதும் அதற்கு மாறிக்கொண்டார். கிரீன் கார்டு வரிசையில் நின்ற காலத்தில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று அவரே சொல்வார்.

அந்த வருடம் குழு எடுத்துக்கொண்ட சிம்பொனி, ஒரு சர்வாதிகாரியின் ஆட்சியில் எழுதப்பட்டது. எழுதியவரைப் பத்திரிகையில் திட்டினார்கள். அவருடைய சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அடுத்தது தானா என்ற பயத்தில் இருந்தவர் எழுதியது அது. கடைசியில் முரசும் எக்காளமும் முழங்க, வயலின்கள் ஒரே ஸ்வரத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

"சிரி, சிரின்னு முதுகுல அடிச்சுட்டே இருந்தா ஒருத்தன் எப்படிச் சிரிப்பான்? அதுதானுங்க இது" என்றார் நெடுஞ்செழியன், காரில் போகும்போது சபரிநாதனிடம். "அதிகாரிங்க வெற்றின்னு கை தட்டுனாங்க. சனங்க அழுதாங்க. ரெண்டு பேரும் கேட்டது ஒரே சத்தந்தான்."

கச்சேரிக்கு முன் இந்த இசை தனக்கு என்ன என்று அவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று குழுவை நடத்தும் லிண்டா கேட்டிருந்தாள். என்ன பேசுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவருடைய அபார்ட்மென்டில் கீழ்வீட்டில் குடியிருந்த தோட்டக்காரரை ஒரு காலையில் முகமூடி போட்ட குடியேற்றத் துறைக்காரர்கள் வண்டியில் ஏற்றிப் போனார்கள். அந்த மனிதர் மேலே அண்ணாந்து பார்த்தார். நெடுஞ்செழியன் திரையை இழுத்து மூடிவிட்டு வேலைக்கு லாகின் செய்தார். அதைச் சொல்லிவிட்டு வாசிக்கப் போகிறார்.

"சொல்லிருங்கண்ணா" என்றான் சபரிநாதன்.

அடுத்த வாரம் பவானியில் நெடுஞ்செழியனின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சனிக்கிழமை கச்சேரி முடிந்த கையோடு கிளம்ப வேண்டும். போனால் அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடித்துத்தான் திரும்ப முடியும். அதற்கு இப்போது இணையத்தில் பேசியதையெல்லாம் துழாவுகிறார்கள்.

அன்று அவர் வீட்டில் சபரிநாதனும் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவர் மனைவி சாந்தாமணி தோசையைத் திருப்பியபடி கேட்டாள். "ஏனுங்க, அந்தப் பேச்சு யூட்யூப்ல ஏறுமுங்களா?"

"ஏறும்."

"விசா கவுண்டர்ல இருக்கறவன் அதைப் பாத்துப்போட்டு நிறுத்தி வெச்சுட்டா? ரோஷினியை வெச்சுட்டு நான் இங்க ஒண்டியா என்ன பண்றது?" தோசையைச் சபரிநாதன் தட்டில் போட்டாள். "பேசாதீங்கன்னு சொல்லலீங்க. பாத்துப் பேசுங்கன்னுதான்."

அவர் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூட அரங்கு. மூன்றாவது வரிசையில் சபரிநாதன். நெடுஞ்செழியன் மைக் முன் வந்து ஆங்கிலத்தில் பேசினார். வயோலாக்காரர்களைக் கிண்டல் செய்து ஒரு ஜோக். சிரித்தார்கள். "இது மன உறுதியைப் பற்றிய இசை. முடிவில் வெற்றி வருகிறது. மகிழ்ச்சியாகக் கேளுங்கள்." தட்டினார்கள். சபரிநாதனும் தட்டினான்.

பிறகு வாசித்தார்கள். கடைசிப் பகுதியில் முரசு விழ விழ அவர் வில் மற்றவர்களோடு ஏறி இறங்கியது. முகத்தில் எதுவும் இல்லை. சபரிநாதனுக்கும் உள்ளே எதுவும் அசையவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது.

வெளியே காரருகில், "நல்லா பேசுனீங்கண்ணா" என்றான்.

"லிண்டாவும் அதையேதான் சொன்னாங்க. சாப்பிட்டீங்களா தம்பி?"

நெடுஞ்செழியன் பவானிக்குப் போனார். ஸ்டாம்பிங்கில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். நெடுஞ்செழியன் திரும்பி வந்து ஃப்ரீமான்ட்டில் அதே வீட்டில் இருக்கிறார், வியாழக்கிழமைகளில் ஒத்திகைக்குப் போகிறார். அடுத்த கச்சேரிக்கும் லிண்டா அவரையே பேசச் சொல்லியிருக்கிறாள். சரி என்றிருக்கிறார்.