மஞ்சளுக்குக் குறைத்த இரண்டு மார்க்

கேமராப் பத்திரிகை ஒன்றில் இருபது வருடமாக விமர்சனம் எழுதும் அவரை, ஆபீசில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'மார்க்கு' என்றுதான் சொல்வார்கள். பத்துக்கு எத்தனை என்று சொல்லாமல் அவரால் ஒரு வாய் டீ குடிக்க முடியாது. "ஆறரை. சூடு இருக்கு, திடம் இல்ல." செருப்பு, நாற்காலி, சொந்தக்காரர் வீட்டு உபசரிப்பு, எதுவும் தப்பியதில்லை. மனைவிக்கு மட்டும் மார்க் போட்டதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு அது தோன்றவே இல்லை.

ஆனால் அவர் அதிகம் படம் எடுத்தது அவளைத்தான். எந்தக் கேமரா சோதனைக்கு வந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான். ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி. அதில் மனைவி. அவள் மடியில் ஒரு சாம்பல் நிற அட்டை. அட்டை படத்திலும் அதே சாம்பலாக வந்தால், கேமரா வெளிச்சத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது என்று அர்த்தம். பிறகு படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். இமைமயிர் தனித்தனியாகத் தெரிகிறதா, கன்னத்து நிழலில் புள்ளி விழுகிறதா, தோலின் நிறம் சரியா. இப்படியே அவள் முகம் பதினோராயிரம் படமாகி ஹார்ட் டிஸ்க்குகளில் கிடந்தது.

அந்த வருடம் ஒரு கம்பெனி புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆர் கொண்டுவந்தது. தொழில்காரர்களுக்கான கேமரா, செங்கல் கனம், யானை விலை. அதை மற்ற இரண்டு கம்பெனிக் கேமராக்களோடு மோதவிட்டுப் பார்க்கும் வேலை இவருக்கு வந்தது. கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாம் இவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சம் நிறையவே இருந்தது.

"அசையாதே."

"முதுகு வலிக்குதுங்க. ரெண்டு வாரமா சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது."

"பேசினா ஃபோகஸ் தள்ளிப்போகும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்று கேமராவிலும் மாறி மாறி எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

திரையில் மூன்று முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கூர்மையில், வேகத்தில், இருட்டில் எடுப்பதில், புதியது மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. தோலில்தான் இடித்தது. மற்ற இரண்டிலும் கன்னம் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. புதியதில் மட்டும் முகத்தில் மஞ்சள் ஓடியது, கண்ணின் வெள்ளையிலும்கூட. அட்டையைப் பார்த்தார். அப்பழுக்கில்லாத சாம்பல்.

அட்டை சரியாக இருந்து முகம் மட்டும் மஞ்சளானால் என்ன செய்ய வேண்டும்? முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். இவர் மூன்று கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு, போன வருடப் படங்களைத் திறந்து ஒப்பிட்டார். அவற்றில் மஞ்சள் இல்லை. ஆக, குற்றம் கேமராவுடையது. முகத்துக்குச் சொந்தக்காரி நாலடி தள்ளி டீயோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "இந்தப் படத்துலதாங்க நான் இருக்கற மாதிரியே இருக்கேன். கண்ணாடியிலயும் இப்படித்தான் தெரியறேன்."

"உன் நிறம் எனக்குத் தெரியாதா? பதினோராயிரம் படம் எடுத்திருக்கேன்" என்றபடி டீயை ஒரு வாய் குடித்தார். "ஏழு."

'தோல் நிறத்தில் நம்ப முடியாத கேமரா' என்று எழுதினார். இரண்டு மார்க் குறைந்தது. புதியது மூன்றாம் இடத்துக்குப் போனது.

பத்திரிகை வெளிவந்த வாரம் மனைவியின் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னக்கா இது, கண்ணெல்லாம் இப்படி மஞ்சளா இருக்கு!" என்று அலறிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க இந்த வீட்லதானே இருக்கீங்க?"

கணையத்தில் கட்டி. பித்தம் இறங்கும் வழியை அது அடைத்திருந்தது. எவ்வளவு நாளாக மஞ்சள் இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, அவர் லேப்டாப்பைத் திறந்தார். தேதி, மணி, நிமிடம் எல்லாம் இருந்தது. டாக்டர் படத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏழு வாரம் முன்னாடியே இவ்வளவு தெளிவா இருக்கே. இதை எடுத்தவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார்" என்றாள் மனைவி. "கேமரா சரியில்லன்னு சொன்னார்."

கட்டி ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தது. ஏழு வாரம் முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று வெளியே வந்து டாக்டரிடம் தனியாகக் கேட்டார். "இப்ப அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் டாக்டர். அதைவிடக் கொடுமையான பதிலை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். குரலில் குதூகலம்.

"சார், உங்க ஒரு வரிக்குக் கம்பெனியே ஆடிப்போச்சு! மென்பொருளை மாத்தி மஞ்சளைச் சரி பண்ணிட்டாங்க. கேமராவை அனுப்பறேன், இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க."

"அதுல குத்தமே இல்ல. நான்தான் தப்பா எழுதினேன். அதைப் போடுங்க."

"அதைப் போட்டா நம்மள எவன் சார் நம்புவான்?"

கேமரா வந்தது. அவர் பெட்டியைத் தொடவில்லை. அவள்தான் பிரித்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல் இருந்தாள். எலும்பும் தோலும்தான் மிச்சம்.

"எடுங்க."

"வேண்டாம்மா."

"உங்க வேலைதானே? எடுங்க."

எடுத்தார். திரையில் கன்னம் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. கண் பால் வெள்ளையாக இருந்தது. அவள் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்ல? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க இதுவும் கத்துக்கிச்சு."

அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதார். அவள் அழுகை அடங்கும்வரை பொறுத்திருந்தாள். அடங்குவதாகத் தெரியவில்லை.

"மஞ்சளைக் காட்டின அந்தப் பழைய கேமராவுக்கு ரெண்டு மார்க் குறைச்சீங்களே, அதைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். "இந்த வீட்ல என்னைப் பார்த்தது அது ஒண்ணுதான்."