சீல் உடையாத ஆறு மிஷின்கள்

அண்ணன்தான் மிஷின்களை உடைக்கிறார் என்ற செய்தி எனக்குக் காய்கறிக் கடையில் கிடைத்தது. நான் பிழைக்க வந்த இந்த ஊரில் எங்கள் பாஷை பேசும் நாலைந்து பேரில் ஒருவர், தக்காளி பொறுக்கிக்கொண்டே சொன்னார். அவருடைய மைத்துனிக்கு யாரோ சொன்னார்களாம். "உங்க அண்ணன் ஸ்க்ரூவை வேணும்னே முறுக்கி உடைக்கிறாராம். உடைஞ்சாத்தானே அவருக்கு வேலை இருக்கும்னு ஆஸ்பத்திரியில பேசிக்கிறாங்களாம்." தான் சொன்னதாகத் தெரியக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

அண்ணன் எங்கள் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக மிஷின் பழுது பார்க்கிறார். நர்ஸுகளுக்கு அவர் மிஷின் டாக்டர். "என் பேஷன்ட் யாரும் பொய் சொல்றதில்ல" என்று பெரிய டாக்டர்களையே சீண்டுவார். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை, டீத்தூள் டப்பாக்களில் அளவு வாரியாக ஸ்க்ரூக்கள். எந்த மிஷின் வந்தாலும் முதலில் காதருகே வைத்து, விரல் நகத்தால் மூடியைத் தட்டிப் பார்ப்பார். நல்ல பிளாஸ்டிக் கணீரென்று பேசும் என்பார்.

போன வருடம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு புதுச் சாமான்கள் வந்தன. ஒன்று, மிஷின்களைத் துடைக்கும் காரமான கிருமிநாசினி. இன்னொன்று, அறையில் ஆள் இல்லாதபோது கிருமி சாவதற்காக எரியவிடும் புற ஊதா விளக்கு. இரண்டையும் வாங்கியவர் கொள்முதல் அதிகாரி, அதாவது அண்ணனுடைய சகலை. அண்ணியின் அக்கா கணவர். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேஜையில்தான்.

மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளில் அண்ணன் மாற்றத்தைக் கவனித்தார். விளக்கைப் பார்த்த பக்கம் மஞ்சளடித்து, தொட்டால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி முடி மாதிரி கீறல்கள். கிருமிநாசினி டப்பாவைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். பொடி எழுத்து ஆங்கிலத்தைப் படித்து, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாகங்களில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருப்பதாகச் சொன்னேன். பம்பு மூடி அந்தப் பிளாஸ்டிக்தான் என்று தொடங்கி, மீதியை அவர்தான் எனக்கு விளக்கினார்.

"ஸ்க்ரூ பூட்டின இடத்துல பிளாஸ்டிக் எப்பவும் இழுபட்டுக்கிட்டே இருக்கும்டா. அந்த இழுப்பு வழியாத்தான் துடைக்கிற மருந்து உள்ள நுழையுது. மேல்தோலை விளக்கு ஏற்கெனவே சுட்டு வச்சிருக்கு. இது ரெண்டும் சேர்ந்தா எந்த பிளாஸ்டிக் தாங்கும்?"

மொத்தம் ஒன்பது பம்புகளில் கீறல். அதில் ஆறு, அண்ணன் ஒரு தடவைகூடத் திறக்காதவை. ஸ்க்ரூ மேல் கம்பெனி ஒட்டிய சீல் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் கடிதமாகக் கைப்பட எழுதினார்.

அனுப்பும் முன் காட்டியபோது, சகலை படித்துப் பார்த்துவிட்டுத் தோளில் கை போட்டிருக்கிறார். "இதை ஆபீஸ் தபால்ல போடாத சகலை, என் தலைதான் உருளும். என்கிட்ட குடு. நானே மேலிடத்துல பேசி ரெண்டையும் நிறுத்திடுறேன்." அண்ணன் கடிதத்தைக் கொடுத்தார். ஒன்பது பம்புகளையும் சகலையின் ஸ்டோரில் கொண்டுபோய் வைத்தார். நகலும் இல்லை, வாங்கிக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் இல்லை.

பிறகு அதற்காக நான் சத்தம் போட்டேன். "சகலைகிட்ட கையெழுத்து கேக்கச் சொல்றியா? அப்புறம் எந்த மூஞ்சியோட எதிர்ல உக்காந்து சாப்பிடுறது?" என்றார். 

எதுவும் நிற்கவில்லை. நாலு மாதம் கழித்து, வார்டில் இருந்த இன்னொரு பம்பைக் கம்பத்தில் பிடித்திருந்த பிளாஸ்டிக் கவ்வி விட்டுப்போய், பம்பு விழுந்து ஒரு பெரியவரின் மணிக்கட்டை உடைத்தது. ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியதுதான் காரணம் என்று விசாரணை நோட்டீஸ் வந்தது. புகார் எழுதியவர் சகலை. கடிதம் எதுவும் தனக்கு வரவில்லை என்றும் எழுதியிருந்தார். ஸ்டோரில் இருந்த பம்புகளுக்குப் புது மூடி போட்டாகிவிட்டது. பழையவை குப்பையோடு போய்விட்டன, சீல்களும்தான்.

அண்ணி தன் அக்காவிடம் கேட்டாள். அது ஆம்பளைங்க ஆபீஸ் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டு, அக்கா தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாளாம். என்னிடம் இருந்த டப்பா போட்டோவை விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். கிருமிநாசினியின் குணம் அதில் தெரிகிறது, உங்கள் அண்ணன் எச்சரித்தது எங்கே தெரிகிறது என்று கேட்டுப் பதில் போட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

இன்று பதினொரு மணிக்கு விசாரணை. எதிராகப் போனால் வேலை போகும்; உடைத்தவன் என்ற பெயர் மட்டும் போகாது. அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணியின் போனில் நான் இருக்கிறேன். என்ன செய்யப்போகிறாய் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நான் கடுதாசி குடுத்தேன்னு சகலை ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுக்கு மேல எதுவும் வேண்டாம். கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லித் தன் போனில் சகலையின் எண்ணை அழுத்தினார்.

சகலையின் அறை நேர் மேல்மாடியில். மணி அடிப்பது படிக்கட்டு வழியாகக் கீழே வருகிறது. அண்ணியின் போன் வழியாக எனக்கும் கேட்கிறது. விசாரணை அறைக்குள்ளிருந்து யாரோ அண்ணனைக் கூப்பிடுகிறார்கள். ஒரு நிமிஷம் என்கிறார் அவர். மேலே மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.