கிளறாமல் கவிழ்த்த பக்கெட்

எங்கள் தெருவில் எனக்குக் குப்பை இன்ஸ்பெக்டர் என்று பெயர். என் காது படவே சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பால் கவரைக் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பவள் நான். மாவு வாங்கப் போனால் தூக்கு, காய் வாங்கப் போனால் பழைய வேட்டியில் தைத்த பை. கண்ணாடி உடைந்தால் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, தனிக் கோணியில் போடுவேன். காய்த் தோல், மிச்சச் சாதம், வாழை இலை இவை மட்டும்தான் பச்சை பக்கெட்டுக்குப் போகும். எதிர்வீட்டுக்காரி எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டி வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு முறை அவளை வாசலில் நிற்கவைத்துப் பாடமே எடுத்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவருகிறவள் கே.ஜி.கண்டிகையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வரும் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒருநாள் பை நிறையக் கருகருவென்று உரம் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது ஒங்க ஊட்டு தோலு தான்க்கா. உரக்கெடங்குல மக்கி வந்துது. மல்லிச் செடிக்குப் போடுங்க."

அந்த வருடம் மல்லி பூத்த பூப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கே பூக் கொடுத்தேன், எதிர்வீட்டுக்கும் சேர்த்து.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்து என் நாத்தனார் எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குக் காவடி எடுக்க வந்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து அவள் கணவர் எழுந்து நடமாடியதற்கான வேண்டுதல். பூனை குறுக்கே போனால் பயணத்தையே தள்ளிப்போடுகிறவள் அவள். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு முன்னறையில் காவடிக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் என் கை தவறி, பன்னீர் பாட்டில் விழுந்து நொறுங்கியது.

"இன்னா சத்தம் வதினா?" என்றாள். அவர்கள் பக்கத்தில் அண்ணியை வதினா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒண்ணுமில்ல, தட்டு விழுந்துச்சி."

காவடி கிளம்பும் நேரத்தில் வீட்டில் கண்ணாடி உடைந்தது என்று தெரிந்தால், மலை ஏறுவதற்குள் பயத்திலேயே அவள் பாதி உயிராகிவிடுவாள். பேப்பர் எடுக்க வேண்டுமென்றால் முன்னறைக்குப் போக வேண்டும். சில்லுகளைக் குப்பை முறத்தில் வாரி, பச்சை பக்கெட்டில் போட்டு, சாப்பிட்ட வாழை இலைகளை மேலே அமுக்கினேன். மலையிலிருந்து வந்ததும் எடுத்துச் சுற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மலையில் நகர முடியாத கூட்டம். இறங்கி வந்தபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. படுத்ததுதான் தெரியும். மறுநாள் காலை நாத்தனாரை ரயிலேற்றப் போனேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"பன்னீர் தெளிக்கவே மறந்துட்டோம் வதினா. பாட்டிலை பத்திரமா வெய்ங்க, அடுத்த வருசத்துக்கு ஆவும்."

அப்போதுதான் பக்கெட்டில் கிடந்த சில்லுகள் நினைவுக்கு வந்தன. ஆட்டோ பிடித்து வந்து பார்த்தால், பச்சை பக்கெட் காலியாகி, வழக்கம்போல் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தெருமுனைவரை ஓடினேன். குப்பை வண்டி போய்விட்டிருந்தது. மூன்று வருடமாகத் தினமும் பார்க்கிறேன், அவள் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

அன்று முழுக்க எதிலும் கை ஓடவில்லை. இலையோடு இலையாகக் குழிக்குள் போயிருக்கும், யார் கையிலும் பட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிடமே, கிடங்கில் அவள் குனிந்து இலையைப் பிரிப்பது கண்ணுக்குள் வந்து நின்றது. சோறு அடிப்பிடித்தது. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன்.

மறுநாள் வண்டியோடு வேறொரு ஆள் வந்தார்.

"அந்தம்மா வர்லீங்க. கையை கிழிச்சிகிச்சி. தையல் போட்டுகினு ஊட்ல கீது."

புடவையை மாற்றிக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்குப் பஸ் ஏறினேன். டீக்கடையில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேண்டாம் என்றாலும் கேட்காமல், இடது கையாலேயே டீ போட்டுக் கொடுத்தாள்.

"கெடங்குல இலையைப் பிரிச்சிகினு இருந்தேன்க்கா. உள்ள கண்ணாடி. ஒங்க தெரு டிரம்மு தான்."

"யார் வீட்டுதுன்னு தெரியுமா?"

"எல்லார் பக்கெட்டையும் குச்சி உட்டு கிளறிட்டு தான் டிரம்முல கொட்டுவேன். ஒங்க ஊட்டுது மட்டும் கிளறவே மாட்டேன், அப்டியே கவுத்துருவேன். ஒங்க எதிர் ஊடு தான்க்கா இது. அன்னிக்கி நான் சரியா கிளறல போல. கை ஆறட்டும், வந்து அந்தம்மாவ நல்லா கேக்கப் போறேன்."

டீயைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, நான் பஸ் ஏறியிருக்கலாம். எதிர்வீட்டுக்காரி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். ஒரு கணம் அப்படித்தான் ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"எதிர் வீடு இல்லம்மா. என் பக்கெட்டுதான். பன்னீர் பாட்டில்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆங்" என்றாள். பிறகு, "டீ ஆறுதுக்கா, குடிங்க."

கட்டுப் பிரித்து அவள் திரும்பி வந்த அன்று, பக்கெட்டோடு வாசலில் காத்திருந்தேன். மல்லி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பூக்கிறது என்றேன். சிரித்தாள். பிறகு வண்டியில் செருகியிருந்த குச்சியை எடுத்து, என் பக்கெட்டில் அடிவரை விட்டுக் கிளறினாள், எதிர்வீட்டு பக்கெட்டைக் கிளறுவதுபோலவே.