பக்கத்து வீட்டுத் தோல் புகை

புயல் வந்தால் செய்ய வேண்டியவை எல்லாம் எனக்கு மனப்பாடம். பேரிடர் மேலாண்மைத் துறையில் பணிக்காலம் முழுக்க அவற்றை ஊருக்குச் சொல்லி, யாரும் கேட்காமலே ஓய்வு பெற்றவன் நான்.

சென்ற புயலன்று ஆம்பூரில் மின்சாரம் போனது. ஜன்னல்களை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பொதுச்சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாகத் தோல் கருகும் நாற்றத்துடன் புகை வந்தது.

பக்கத்து வீட்டுக் குமரேசன் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவர். சாக்கடைத் தகராறு ஒன்றால் எங்களுக்குள் பேச்சு இல்லை. அன்று அவர் வீட்டில் கேஸ் தீர்ந்து, விறகும் நனைந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் தோல் துண்டுகளை உள்ளேயே எரித்து வெந்நீர் வைத்தார். வீசிங் உள்ள மனைவி செல்வி ஆவி பிடிப்பதற்காம்!

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "கெமிக்கல் போட்ட தோலுய்யா அது! அணைச்சிட்டுக் கதவைத் திற!"

"இன்னா சார், புயல்ல கதவைத் திறக்காதீங்கன்னு தெருவெல்லாம் சொன்னது நீங்கதான?"

"நான் சொன்னதுல இதை மட்டும்தான் கேட்டியா?"

கதவு திறந்தது. செல்வியால் இருமக்கூட முடியவில்லை, மூச்சு விசிலடித்தது. அந்த வெந்நீரையே அடுப்பில் ஊற்றினேன். செல்வியை என் வீட்டுக்குக் கூட்டிவந்து, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து உட்காரவைத்தோம். குமரேசன் தேடி எடுத்துவந்த இன்ஹேலரை இழுத்தபின் மெல்ல மூச்சு சீரானது.

"அடுப்பை நாசம் பண்ட்டீங்களே சார்" என்றார் குமரேசன். அதுதான் நன்றி.

இன்றும் நாங்கள் பேசுவதில்லை. ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால், முதல் வேலையாக அவர் வீட்டில் ஒரு கட்டு காய்ந்த விறகைக் கொண்டுபோய்ப் போடுகிறேன். பாசமெல்லாம் இல்லை. அவர் எரிக்கும் புகையைத்தான் நானும் சுவாசிக்க வேண்டியிருக்கிறது.