பெரியவர் இன்று காலை வந்தார்

வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், எப்போது கிளம்பினார்கள் என்று தெரிந்துகொண்டு முதலாளியிடம் போட்டுக்கொடுப்பதுதான் என் தொழில். முன்பெல்லாம் அதைக் கோடும் கட்டமுமாகக் கொடுத்தேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. இப்போது அந்த டேட்டாவை ஏஐ உதவியாளரோடு இணைத்துவிடுகிறேன். கேட்டால் தமிழில் பதில் சொல்லும், காலையில் தானாகவே வாய்விட்டு அறிக்கை வாசிக்கும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்: கோடும் கட்டமும் யாரையும் பயமுறுத்தியதில்லை, அது பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம்.

காலிக் கடையில் நாலு பேர்

வேலூர் லாங் பஜாரில் தோல் பை விற்கும் ஒருவருக்குத்தான் முதலில் இணைத்துக் கொடுத்தேன். வெப்சைட் என்ற சொல் அவர் வாயில் நுழையவில்லை. "கடைன்னே சொல்லச் சொல்லு" என்றார். அப்படியே செய்தேன். நல்ல மத்தியான வெயில். தெருவில் கைவண்டிக்காரர்கள்கூட நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். "இப்ப யார் இருக்காங்கன்னு கேளுங்க" என்றேன். கேட்டார்.

"இப்போது உங்கள் கடையில் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வெகுநேரமாகக் கறுப்புப் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றது பெண் குரல். கறுப்புப் பை அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகத் திரும்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் திரும்பிப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, கடைல ஈ காக்கா இல்ல. அந்த நாலு பேர் யாரு?"

ஹமீது பாய் தனக்கு வைத்த பெயர்

அடுத்தது ஆம்பூர். ஷூ கம்பெனி நடத்தும் அண்ணன் தம்பி. அண்ணன் ஹமீது பாய், தம்பி அஸ்லம் பாய். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வீட்டாரே தங்கள் வெப்சைட்டை அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்வார்கள். அதை வாடிக்கையாளர் என்று எண்ணிவிடக் கூடாது. அதனால் அவரவர் போனுக்கு ஒரு பெயர் கொடுத்துத் தனியே ஒதுக்கிவிடுவோம். அஸ்லம் பாய்க்கு ஆசை விடவில்லை: "நம்மாளுங்க யார் யார் பாக்கிறாங்கன்னும் அது படிக்கட்டும்" என்றார். சரி என்று அதையும் சேர்த்தேன்.

ஹமீது பாய்க்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. அவருக்குப் பிடித்தது ஒரே பக்கம்தான். மழைக்காலத்தில் தோல் செருப்பை எப்படிக் காப்பது என்று அவரே பேசிய வீடியோ அதில் இருந்தது. நடுவில் இருமுவார், செருப்பைத் தடவிவிட்டுச் சிரிப்பார். எடுத்தது அஸ்லம் பாயின் பழைய போனில். அந்தப் போன் எப்போதோ கைமாறிவிட்டது. வீடியோ இருப்பது அந்தப் பக்கத்தில் மட்டும்தான். உங்கள் போனுக்கு என்ன பெயர் போடட்டும் என்று கேட்டபோது ஹமீது பாய் சொன்னார்: "பெரியவர்னு போடுங்க. அப்பதான் நான் இல்லாத நேரத்துலயும் ஒழுங்கா வேல பாப்பாங்க."

காலை அறிக்கை

ஹமீது பாய்க்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் ஜனாஸா அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். அந்த அமளியில் அவர் போனும் தொலைந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் அஸ்லம் பாய் ஆபீசில் அறிக்கையை ஓடவிட்டிருக்கிறார். வழக்கமான கதையெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது: "பெரியவர் இன்று காலை வந்தார். மழைக்காலப் பக்கத்தில் வெகுநேரம் இருந்தார்." மறுநாளும் அதுவே, விடியற்காலை பஜ்ரு தொழுகை முடிகிற அதே நேரத்தில். அதற்கு மறுநாளும். தையல் பிரிவுப் பெண்கள் பெரியவர் நாற்காலி இருந்த பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். "போன் யார் கையிலோ இருக்கு பாய், வேற ஒண்ணுமில்ல" என்றேன் தைரியமாக. அவர் ஒத்துக்கொள்ளவில்லை: "திருடனவன் விக்கத்தான் பாப்பான். பஜ்ரு தொழுதுட்டு வந்து செருப்பு வீடியோவா பாப்பான்?"

பக்கத்தை எடுத்தோம்

வேலைக்கு ஆள் நிற்காது போலிருந்தது. அந்தப் பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னார் அஸ்லம் பாய். எடுத்தேன். மறுநாள் அறிக்கையைக் கேட்க நானே ஆம்பூர் போனேன்.

"பெரியவர் வந்தார். தேடிய பக்கம் இல்லை. மறுபடி வந்தார். தேடிய பக்கம் இல்லை. மறுபடி வந்தார்." அது நிறுத்தவே இல்லை. அஸ்லம் பாய் போனைக் கவிழ்த்து வைத்தார். அதே நேரம் வீட்டிலிருந்து ஆள் வந்தது: பாபி கூப்பிடுகிறார், கம்ப்யூட்டர்காரரையும் அழைத்து வரச் சொன்னார்.

பாபி என்றால் அண்ணி, ஹமீது பாயின் மனைவி. கணவர் போன நாளிலிருந்து இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருந்தார். நாலு மாதம் பத்து நாள் அறையை விட்டு வர மாட்டார், கொழுந்தனார்கூட உள்ளே போகக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றோம். திரைக்கு அடியில் ஒரு கை அந்தப் போனைத் தள்ளியது. ஆஸ்பத்திரித் துணிப்பையோடு அது அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் உள்ளே போகவில்லை, யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் புரியட்டும் என்று பாபி தமிழிலேயே பேசினார்: "அஸ்லம், தெனமும் தொழுதுட்டு அவர் பேசறதக் கேப்பேன். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு. அவர் கொரல எங்க கொண்டுபோய்ட்டீங்க?"

மேஜை மேல் இருந்த போன்

நல்ல வேளை, பக்கத்தை மறைத்திருந்தேனே தவிர அழிக்கவில்லை. அங்கேயே நின்று மறுபடி போட்டேன். அந்தப் போனில் இருமல் சத்தம் கேட்டது. அஸ்லம் பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

போனின் பேட்டரி உப்பியிருந்தது. "மாத்திட்டு, வீடியோவை போனுக்குள்ளயே போட்டுத் தர்றேம்மா, இனிமே யாராலும் எடுக்க முடியாது" என்று வாங்கிக்கொண்டு வேலூர் வந்தேன். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தேன். போன் என் மேஜை மேல் வெறும் கூடாகக் கிடந்தது. மறுநாள் காலை நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் கம்ப்யூட்டரிலும் ஆம்பூர் அறிக்கை பேசியது: "பெரியவர் இன்று காலை வந்தார். மழைக்காலப் பக்கத்தைத் திறந்தார். உடனே போய்விட்டார்."

எல்லா வழியிலும் தேடினேன். அந்தப் பெயர் அந்த ஒரு போனில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. டீ ஆறிப்போயிற்று. அஸ்லம் பாயைக் கூப்பிட்டேன். அவரும் அறிக்கையைக் கேட்டிருந்தார். பயந்தவர் மாதிரித் தெரியவில்லை. "பாபிகிட்ட சொன்னேன் தம்பி. இன்னா சொன்னாங்க தெரியுமா? 'இன்னிக்கு நான் கேக்க வரலல்ல, எங்க காணோம்னு என்னப் பாத்துட்டுப் போயிருப்பாரு'ன்னாங்க."

வீட்டார் வருகையை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், ஆனால் அன்றைக்கு வந்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை ஏஐயிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.