சுற்றாத ஆரத்தி

பங்குனி 26, வியாழன், காலை 10.20. கொதிக்கும் வெயில், குற்றால மலைமேல் மட்டும் மேகம்.

இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில், நான் தென்காசிக்கு வாடகை பேசி ஏறிய ஆட்டோ ஒரு வேட்பாளரின் பிரச்சார வேனுக்குப் பின்னால் பதினோரு நிமிடமாக நிற்கிறது. சாலையோரம் பதினான்கு பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருக்கிறார்கள்.

வேட்பாளர் மைக்கில் முழங்குகிறார்: "அந்தக் காலத்துப் பொம்பளைக அம்மியில அரைச்சாவ. கர்ப்பப்பைக் கோளாறு வந்துச்சா? இப்ப மிக்சி, சீரியல்!"

ஆண்கள் சிரிக்கிறார்கள். ஆட்டோவை ஒட்டி நிற்கும் பெண், ஆரத்தி சுற்றாமலேயே தட்டைச் சாலையில் கவிழ்க்கிறார்.

"ஏம்மா, தட்டில் பணம் போடுவாரே?" என்று கேட்கிறேன்.

"அதுக்குத்தான் நின்னேன் அண்ணாச்சி. மூணு மாசமா உதிரப்போக்கு நிக்கல. இன்னைக்கு ஸ்கேன் எடுக்கணும். எங்க வீட்டுல மிக்சியே கெடையாது, அம்மிதான்."

"ஸ்கேனுக்குப் பணம்?"

"கம்மல் கெடக்குல்லா."

"அப்போ ஓட்டு எதிர்த்து நிற்பவருக்கா?"

"அவரு இதப்பத்தி வாயே தொறக்கலியே. இனிமத்தான் யோசிக்கணும். தென்காசிக்கா போறீய? நானும் ஏறிக்கிடுதேன்."

வேன் நகர்கிறது. திரும்பிப் பார்த்து எண்ணுகிறேன். இன்னும் ஐந்து தட்டுகள் கவிழ்ந்திருக்கின்றன.

தென்காசியில் அடகுக்கடை முன்னால் இறங்குகிறார். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, வாடகையில் பாதியை என் கையில் திணித்துவிட்டு, கம்மலைத் திருகிக்கொண்டே படியேறுகிறார்.

என் பங்குக்கு ஆனது எழுபது ரூபாய்.