தந்தியில் வந்த 'ரன்'

எண்பதுகளின் கடைசியில் பந்தல்குடியில் தனியாகக் குடியிருந்தேன். 'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தேன். எண்ணிக்கை எண்பதைத் தாண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை பகல். எதிர்வீட்டு மும்தாஜ் வாசலில் வந்து நின்றார். அவர் கணவருக்குத் துபாயில் கட்டட வேலை. கையில் தந்தி. எங்கள் பக்கம் தந்தி என்றாலே சாவுச் செய்திதான்.

"அண்ணே, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

ஒரே பார்வையில் படித்துவிட்டேன். காய்ச்சல் கண்டு, குணமாகி, கணவர் மறுபடி வேலைக்குப் போகிறார் என்று இருந்தது. காய்ச்சல் அடித்ததைச் சொல்ல 'ரன்' போட்டிருந்தார்கள். என் நோட்டில் இல்லாத பொருள்.

"இங்கிலீசுல காய்ச்சலும் ஓடும்மா," என்று தொடங்கினேன். மில் ஓடுவது, குழாயில் தண்ணீர் வருவது, தேர்தலில் நிற்பது என எல்லாவற்றுக்கும் அதே சொல்தான் என்று விளக்கினேன். நோட்டை எடுத்துத் தேதியும் போட்டேன்.

நிமிர்ந்தபோது அவர் கதவு நிலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அவுக உசுரோட இருக்காகளாண்ணே? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்காரும்மா. நல்லா இருக்கார்."

முந்தானையால் முகத்தை மூடி அழுதார். பிறகு தந்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் வந்த இங்கிலீஷ் காகிதங்களை வாசிக்க அவர் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். பஸ் வரும்வரை என் வீட்டுக்கு எதிரேதான் நிற்பார். நான் வெளியே வருவதில்லை.

தந்தியைப் படித்த கணமே எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவருக்கும் ஆகியிருக்கும் என்று எப்படி நினைத்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.